வெள்ளை பக்கெட்டில் போட்ட நாக்கு மீன் வெளுத்துப் போனது எப்படி?

பட்டினப்பாக்கம்வாசி (ஞாயிறு, காலை 11.20)

இன்று காலை ஆறு மணிக்கு மேல் என் பெண்ணோடு கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். அவள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பட்டினப்பாக்கம் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், நாங்களும் நின்று பார்த்தோம். மடி கரைக்கு வந்ததும் பெரும்பாலும் காரப்பொடியும் நெத்திலியும்தான், கூடவே இரண்டு நண்டு. அதையெல்லாம் கூடையில் அள்ளிய பிறகு ஈர மணலில் ஏதோ துடித்தது. குனிந்து பார்த்த பிறகுதான் அது மீன் என்றே தெரிந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும், தோசை மாதிரி தட்டை, முதுகெல்லாம் மணல் நிறம், அதில் பொடிப்பொடியாகக் கருப்பும் வெளுப்பும், நடுவில் மூன்று நான்கு பழுப்புத் திட்டுகள். இரண்டு கண்ணும் ஒரே பக்கம்! வலை இழுத்த அண்ணன் "நாக்கு மீன் வகைதாம்மா, குஞ்சு, இதை யாரு வாங்கப் போறா" என்று சொல்லிவிட்டு, என் பெண் கேட்டதற்காக ஒரு வெள்ளை பெயிண்ட் பக்கெட்டில் கடல் தண்ணீர் மொண்டு அதைப் போட்டுக் கொடுத்தார்.

சுவர் நிழலில் பக்கெட்டை வைத்துவிட்டு ஒரு டீ குடித்துத் திரும்ப வந்தோம். பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். பார்த்தால் வேறு மீனோ என்று தோன்றியது. மணல் நிறம் போய் சாம்பலும் வெள்ளையுமாக ஆகிவிட்டது. அந்தப் பழுப்புத் திட்டுகள் நிழல் மாதிரி மங்கலாகத்தான் தெரிந்தன. என் பெண் "அம்மா, இதுக்குக் கீழே வெள்ளைன்னு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மீனைத் திரும்பக் கடலில் விட்டுவிட்டோம்.

அவளுடைய கேள்வியையே இங்கே வைக்கிறேன். அது கண்ணால் பார்த்து நிறம் மாற்றுகிறதா, அல்லது தோலுக்கே தெரிகிறதா? கணவாய் நிறம் மாறுவதும் இதுவும் ஒன்றா? அப்புறம், செஸ் போர்டு மேல் உட்கார்ந்த மீனின் முதுகில் கட்டம் கட்டமாக வந்திருப்பது போல ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது உண்மையா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கப் போகிறாள்.

காசிமேட்டுக்காரன் (ஞாயிறு, மதியம் 12.05)

அக்கா, விஞ்ஞானம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். நீளமாக நாக்கு மாதிரி இருப்பதைத்தான் நாக்கு மீன் என்போம், பெரிதாகத் தடித்து வருவது எருமை நாக்கு. நீங்கள் பார்த்தது கொஞ்சம் அகலமான சாதியாக இருக்கும், அதையும் பொதுவாக நாக்கு என்றே சொல்லிவிடுவார்கள்.

என் அப்பா ஒரு மீனைப் புரட்டிப் பார்த்தே "இது சேத்துல கிடந்தது, இது மணல்ல கிடந்தது" என்பார். சின்ன வயதில் சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு நானே கவனித்தேன். சேற்றுத் தரையில் வலை ஓடிய நாளில் வருவதெல்லாம் கருத்து, ஒரே சீராக இருக்கும். சிப்பி நொறுங்கிக் கிடக்கிற மணல் தரையில் வந்தால் அதே வகை மீன் முதுகில் பொரிப்பொரியாக இருக்கும். ஐஸில் போட்டுக் கரைக்கு வந்த பிறகு இந்த வித்தியாசம் பாதி போய்விடும், அதனால் சந்தையில் வாங்குபவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. உயிரோடு வலையிலிருந்து எடுக்கிறவன் கைக்குத்தான் தெரியும்.

பாப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள். இந்த மீன் வயிறு கீழே இருக்கிற மாதிரி படுப்பதில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. மேலே நாம் முதுகு என்று நினைப்பது அதன் ஒரு விலாப்பக்கம். திருக்கை அப்படியில்லை, அது நிஜமாகவே வயிற்றில்தான் படுக்கும். முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது இரண்டுமே மணலுக்குள் இருக்கும், நாக்கு மீனை மிதித்தால் வழுக்கும், திருக்கையை மிதித்தால் வால் முள் ஏறிவிடும். அதனால் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை (ஞாயிறு, மாலை 4.40)

இந்தப் பெண் கேட்ட கேள்வியை 1870களிலேயே ழார்ஷ் பூஷே என்ற பிரெஞ்சுக்காரர் கேட்டிருக்கிறார். அவர் பார்த்தது டர்பட் என்ற ஐரோப்பியத் தட்டை மீன். பார்வையை இழந்த மீன் தரைக்கேற்ப நிறம் மாற்றவில்லை. கண் நன்றாக இருந்து, தோலுக்குப் போகும் நரம்பு மட்டும் அறுபட்டிருந்தால் அந்த நரம்பு போகும் பகுதி மட்டும் மாறாமல் கருப்பாக நின்றது, மற்ற இடமெல்லாம் மாறியது. ஆக, பார்ப்பது கண், தோலுக்குச் செய்தி கொண்டுபோவது நரம்பு. தோலுக்குக் கீழே இருக்கும் தரை தோலைத் தொட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை.

பிறகு பிரான்சிஸ் சம்னர் என்ற அமெரிக்கர் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடலாய்வு நிலையத்தில் இதையே வேலையாக எடுத்துக்கொண்டு செய்து, 1911-ல் வெளியிட்டார். தொட்டியின் தரையில் மணல், கூழாங்கல், வரைந்த புள்ளிகள், கட்டங்கள் என்று மாற்றி மாற்றி வைத்து மீனைப் படம் எடுத்தார். எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. முதன்முதலாக ஒரு புதுத் தரைக்கு மாற நாள் கணக்கில் எடுத்துக்கொண்ட மீன், அங்கும் இங்கும் பல முறை மாற்றப்பட்ட பிறகு நிமிடக் கணக்கில் மாறத் தொடங்கியது. அதாவது அதற்குப் பழக்கம் ஏற்படுகிறது. வெறும் வேதியியலாக மட்டும் இதை நான் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

சரி, தோலுக்குள் என்ன நடக்கிறது? நான் வேலை பார்த்த கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு ஒரு சோதனை வைப்போம். அதற்கு நாக்கு மீன் வேண்டாம், ஏரியில் கிடைக்கும் ஜிலேபி மீனே போதும். ஒரு செதிலை எடுத்து உப்புக் கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கருப்பு மையைச் சொட்டுவிட்டு ஊசியால் எட்டுத் திசையிலும் இழுத்தது போல நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு நிறமிச் செல். கண்ணாடி ஓரத்தில் பொட்டாசியம் குளோரைடு ஒரு சொட்டு விட்டு, வடிதாளால் மறுபக்கம் உறிஞ்சி இழுத்துவிட்டு மறுபடி பார்த்தால், நட்சத்திரத்தின் கைகளிலிருந்து கருப்பு மெல்ல நடுவுக்கு வடியும். இரண்டு மூன்று நிமிடத்தில் அது ஒரு முற்றுப்புள்ளி ஆகிவிடும். கைகள் எங்கேயும் போகவில்லை. செல் அப்படியேதான் விரிந்து கிடக்கிறது, அதற்குள் இருக்கும் மெலனின் துகள்கள் மட்டும் நடுவில் போய்க் கூடிவிட்டன. செல்லுக்குள் மிக நுண்ணிய குழல்கள் தண்டவாளம் மாதிரி நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுகின்றன. கைனசின் என்ற புரதம் துகளை வெளியே இழுத்துப் போகிறது, டைனீன் என்ற புரதம் உள்ளே இழுத்து வருகிறது. துகள் பரவினால் தோல் கருக்கும், கூடினால் வெளுக்கும். பொட்டாசியம் செய்தது, செதிலோடு ஒட்டி வந்த நரம்பு நுனிகளைத் தூண்டியது மட்டும்தான். அவை கக்கிய நோர்அட்ரினலின்தான் துகள்களை உள்ளே இழுத்தது.

கருப்பு மட்டும் இல்லை. மஞ்சள் செல், சிவப்புச் செல், வெள்ளைச் செல், அப்புறம் குவானின் தகடுகளால் ஒளியைத் திருப்பியடிக்கும் செல் என்று தோலில் பல வகை அடுக்கடுக்காக இருக்கின்றன. கருப்பு ஒதுங்கினால் அடியில் இருக்கும் வெள்ளையும் பளபளப்பும் மேலே தெரிகின்றன. உங்கள் பக்கெட்டில் நீங்கள் பார்த்தது அநேகமாக அதுதான்.

வேகமான வேலை நரம்பின் வழியாக நடக்கிறது. கொஞ்சம் நிதானமான வேலைக்கு ஹார்மோன் உண்டு. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எம்எஸ்ஹெச் கருக்க வைக்கும், எம்சிஹெச் வெளுக்க வைக்கும். வாரக்கணக்கில் ஒரே தரையில் கிடந்தால் நிறமிச் செல்களின் எண்ணிக்கையே கூடும் அல்லது குறையும். தம்பி காசிமேட்டுக்காரன் சொன்ன "சேற்று மீன், மணல் மீன்" வித்தியாசத்தில் இந்த மூன்றாவது வகைக்கும் பங்கு இருக்கும். அப்பாவின் கண்ணுக்கு என் வணக்கம்.

கணவாய் முற்றிலும் வேறு. அதன் ஒவ்வொரு நிறப்பையைச் சுற்றியும் தசைகள் கட்டப்பட்டிருக்கின்றன. மூளை சொன்னதும் தசை இழுக்கும், பை குடை மாதிரி விரியும், விட்டதும் சுருங்கும். அதனால்தான் அது ஒரு நொடிக்குள் மினுக்கி மினுக்கி மாறுகிறது. மீனில் தசை இல்லை, துகள்கள்தான் பயணம் போக வேண்டும், எனவே கணவாயின் வேகம் அதற்கு வராது.

கடைசியாக ஒரு குறை சொல்ல வேண்டும் அம்மா, தவறாக நினைக்காதீர்கள். மீன் பயந்தாலும் வெளுக்கும். வலையில் சிக்கி, வெயிலில் துடித்து, பக்கெட்டில் விழுந்த மீனின் உடம்பில் அட்ரினலின் ஏறியிருக்கும், அதுவும் துகள்களை நடுவில் கூட்டக்கூடியதுதான். அதனால் "வெள்ளை பக்கெட்டில் வெளுத்தது" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அது பக்கெட்டைப் பார்த்துத்தான் வெளுத்தது என்று முடிவுகட்ட முடியாது. இன்னொரு மீனை அதே மாதிரி கறுப்பு பக்கெட்டில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

பட்டினப்பாக்கம்வாசி (ஞாயிறு, மாலை 5.15)

டீச்சர், மிக்க நன்றி. இரண்டு தடவை படித்துவிட்டாள். "அப்போ நாம பாதி சோதனைதான் பண்ணியிருக்கோம்" என்கிறாள். வீட்டில் ஒரு கறுப்புச் செடித் தொட்டி இருக்கிறது, அடுத்த ஞாயிறு எடுத்துப் போகலாம் என்று இப்போதே கழுவி வைத்துவிட்டாள். செஸ் போர்டு பற்றி யாருக்காவது தெரியுமா?

ஸ்டான்லி_மாணவன் (ஞாயிறு, இரவு 9.30)

செஸ் போர்டு கேள்விக்கு நான் வருகிறேன், இது எங்கள் கல்லூரிக்கும் சம்பந்தப்பட்டது. விளையனூர் ராமச்சந்திரன் என்று ஒரு நரம்பியல் அறிஞர் இருக்கிறார், இல்லாத கையில் வலி என்று சொல்பவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி வைத்து வைத்தியம் பார்த்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவின் சான் டியாகோ போனவர். அவரும் ரிச்சர்ட் கிரிகரி முதலான சிலரும் சேர்ந்து 1996-ல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை வெப்பக்கடல் தட்டை மீன் ஒன்றைப் பற்றியது, போத்தஸ் ஒசெலேட்டஸ் என்று அதற்குப் பெயர். மனித மூளையை ஆராய்கிறவருக்கு மீனோடு என்ன வேலை என்று முதலில் தோன்றும். ஆனால் அவர் கேட்டதும் பார்வையைப் பற்றிய கேள்விதான். ஒரு உயிர் தான் பார்க்கும் தரையிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது?

மணல் தரையில் மாறியது மட்டுமில்லாமல், தொட்டியின் அடியில் வைத்த கட்டங்களுக்கும் வட்டப் புள்ளிகளுக்கும் ஏற்ப அந்த மீன் மாறியது, அதுவும் 2 முதல் 8 நொடிக்குள். அதற்கு முன்னால் பலர் ஆய்வு செய்தது குளிர்கடல் மீன்களை, அவை இவ்வளவு வேகமாக மாறவில்லை.

ஆனால் இங்கேதான் வாட்ஸ்அப் படம் ஏமாற்றுகிறது. மீனின் முதுகில் சதுரம் சதுரமாக, விளிம்பு கூர்மையாகக் கட்டம் வருவதில்லை. மீன் தரையைப் படம் எடுத்து முதுகில் அச்சடிக்கவில்லை. அதன் தோலில் திட்டுகளின் இடம் முன்கூட்டியே நிர்ணயமாகியிருக்கிறது: இங்கே ஒரு பெரிய கருந்திட்டு, இங்கே வளையங்கள், இங்கே பொடிப் புள்ளிகள். ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியாக அழுத்தமாக்கவோ மங்கலாக்கவோ அதனால் முடியும். ராமச்சந்திரன் குழு படங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்துப் பார்த்ததில், பெரிது, நடுத்தரம், சிறிது என்று வெவ்வேறு அளவிலான குறைந்தது மூன்று கூட்டங்கள் தனித்தனியாக இயங்குவது தெரிந்தது. தரையில் பெரிய கட்டம் என்றால் பெரிய திட்டுகளை அழுத்தமாக்குகிறது, பொடி மணல் என்றால் பொடிப் புள்ளிகளை அழுத்தமாக்குகிறது.

என் பாட்டியின் அஞ்சறைப்பெட்டிதான் எனக்கு இதற்கு ஞாபகம் வருகிறது. பெட்டியில் இருப்பது ஏழெட்டுச் சாமான், ஆனால் அளவை மாற்றிப் போட்டால் வத்தக்குழம்பும் வருகிறது, ரசமும் வருகிறது, மீன் குழம்பும் வருகிறது. இல்லாத சாமானைப் பெட்டி உண்டாக்கிக் கொடுக்காது. இந்த மீனாலும் இல்லாத கட்டத்தை உண்டாக்க முடியாது. தூரத்திலிருந்து, தண்ணீருக்குள், நம் கண்ணுக்கோ வேட்டையாட வரும் பெரிய மீனின் கண்ணுக்கோ அது போதும். கண் விளிம்பைத் தேடுகிறது, விளிம்பு உடைந்துவிட்டால் மீன் தொலைந்துவிடுகிறது. எனக்கு இது அச்சடிப்பதைவிட ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. பொடிமணலா, கூழாங்கல்லா, எவ்வளவு கருப்பு எவ்வளவு வெள்ளை என்ற சுருக்கத்தைத் தரையைப் பார்த்ததும் எடுத்துக்கொள்கிறது பாருங்கள், அது லேசான வேலை இல்லை.

பிளேஸ் என்ற குளிர்கடல் தட்டை மீனின் குஞ்சுகளை வைத்து 2006-ல் வந்த இன்னொரு ஆய்விலும் இதே கதைதான்: புள்ளிகள் ஒரு வகை, திட்டுகள் ஒரு வகை, இரண்டையும் வேண்டிய விகிதத்தில் கலக்கிறது. 2015-ல் கரீபியன் பவளப் பாறைகளில் மயில் தட்டை மீன்களைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், தன் கையிருப்புக்கு எந்தத் தரை ஒத்து வருமோ அந்தத் தரையில்தான் அது போய் உட்காருகிறது என்றார்கள். மாற்ற முடியாததை இடம் பார்த்துச் சமாளிக்கிறது.

தூண்டில்_எழுபத்திரண்டு (திங்கள், காலை 7.10)

எல்லாம் கண்தான் என்று அடித்துச் சொல்கிறீர்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. எண்ணூர் பக்கம் முப்பது வருடமாகத் தூண்டில் போடுகிறேன். செத்துப்போன மீனைக்கூடப் பார்த்திருக்கிறேன், ஈரக் கோணிப்பைக்கு அடியில் இருந்த பாதி ஒரு நிறம், வெளியில் கிடந்த பாதி வேறு நிறம். செத்த மீன் எந்தக் கண்ணால் பார்த்தது? அப்புறம் ஒன்று, மீனுக்குத் தோலிலேயே பார்வை இருக்கிறது என்று எங்கோ படித்தேன். அதையும் யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை (திங்கள், காலை 10.25)

நீங்கள் பார்த்ததை மறுக்கவில்லை சார். செத்த பிறகும் செல்கள் உடனே சாவதில்லை, கொஞ்ச நேரம் தாமாகவே வெளிச்சம், சூடு, உலர்வு இவற்றுக்கு அசைந்துகொண்டிருக்கும். நான் செதிலைப் பிய்த்தெடுத்துச் சோதனை செய்தேனே, அந்தச் செதிலும் மீனோடு இல்லைதானே? ஆனால் அந்த அசைவு தரைக்கு ஏற்ற அசைவு இல்லை. வெளிச்சம் பட்டால் ஒரு மாதிரி, படாவிட்டால் ஒரு மாதிரி, அவ்வளவுதான். கூழாங்கல்லுக்கு ஒரு கோலம், மணலுக்கு ஒரு கோலம் என்று போடக் கண் வேண்டும்.

தோலில் பார்வை என்று நீங்கள் படித்தது ஹாக்ஃபிஷ் பற்றியதாக இருக்கும். அது தட்டை மீன் இல்லை, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பவளப் பாறைகளில் வாழ்வது. அதன் தோலில், நிறமிச் செல்லுக்குக் கீழே, ஒளியை உணரும் ஆப்சின் புரதம் கொண்ட வேறு செல்கள் இருப்பதாக 2023-ல் வெளியிட்டார்கள். மேலே இருந்து விழும் வெளிச்சம் நிறமிச் செல்லைத் தாண்டித்தான் கீழே போக வேண்டும். துகள் பரவியிருந்தால் கொஞ்சம் வெளிச்சம், கூடியிருந்தால் நிறைய வெளிச்சம். ஆக அந்தத் தோல் தரையைப் பார்க்கவில்லை, தன் நிறம் இப்போது எப்படி இருக்கிறது என்பதை உள்ளிருந்து பார்க்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நல்ல கேள்வி ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. நாம் சேலை கட்டிவிட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறோம். மீனுக்குத் தன் முதுகு தெரியாது. தரை எப்படி இருக்கிறது என்று கண் சொல்லிவிடும், நான் சரியாக மாறிவிட்டேனா என்று யார் சொல்வது? ஹாக்ஃபிஷ் மட்டில் அதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

தரங்கம்பாடிப்பொண்ணு_இப்போ_பெரம்பூர் (திங்கள், இரவு 8.50)

தாமதமாக வருகிறேன், ஆனால் எருமை நாக்கு என்ற பெயரைப் பார்த்த பிறகு சும்மா போக மனமில்லை. காசிமேட்டு அண்ணன் சொன்ன அந்த எருமை நாக்கின் அறிவியல் பெயர் தெரியுமா? செட்டோடெஸ் எருமெய். அந்த "எருமெய்" நம் எருமையேதான். டேனிஷ்காரர்கள் காலத்தில் எங்கள் தரங்கம்பாடியில் ஜான் என்ற பாதிரியார் இருந்தார். அவர் இங்கே கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார், உள்ளூர்ப் பெயர்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. பிளாக் 1799-ல் இறந்துபோக, ஷ்னைடர் என்பவர் வேலையை முடித்து 1801-ல் புத்தகமாக்கினார். அதில் இந்த மீனுக்கு நம் ஆட்கள் கரையில் கூப்பிட்ட பெயரே வைக்கப்பட்டது. இன்று ஜப்பானில் ஒரு விஞ்ஞானி அதைப் பற்றி எழுதினாலும் "எருமெய்" என்றுதான் எழுத வேண்டும். என் தாத்தாவுக்கு இது தெரியாமலே போய்விட்டது.

அந்த மீனில் இன்னொரு விசேஷமும் உண்டு. தட்டை மீன் எல்லாம் முட்டையிலிருந்து வரும்போது மற்ற மீன் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே அளவாகத்தான் இருக்கும், நிமிர்ந்துதான் நீந்தும். சில வாரத்தில் ஒரு கண் நகர்ந்து மறுபக்கம் போய், உடம்பு சாய்ந்துவிடும். எருமை நாக்கில் அந்தக் கண் பாதி வழியில் தலையின் உச்சி விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த முறை சந்தையில் பார்த்தால் கவனியுங்கள். எந்தப் பக்கம் சாயும் என்பதும் அதற்கு நிலையில்லை, சிலது இடம், சிலது வலம்.

பாப்பாவுக்கு ஒரு கூடுதல் கேள்வி: கீழ்ப்பக்கம் ஏன் வெள்ளையாகவே இருக்கிறது? 1890களில் இங்கிலாந்தின் பிளிமத்தில் கன்னிங்ஹாம் என்பவர் தொட்டிக்கு அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து, மேலே மூடி, கீழிருந்து மட்டும் வெளிச்சம் படும்படி குஞ்சுகளை வளர்த்தார். பல மாதம் ஆன பிறகு பல மீன்களின் வெள்ளை அடிப்பக்கத்தில் நிறம் வந்தது. இன்று ஜப்பானில் பண்ணையில் வளர்க்கும் தட்டை மீன்களிலும் அடிப்பக்கம் கருத்துப்போவது பெரிய தொல்லை, அப்படிப்பட்ட மீனுக்கு விலை குறைந்துவிடும்.

காசிமேட்டுக்காரன் (திங்கள், இரவு 9.15)

எருமை நாக்கு பெர்லின் வரைக்கும் போயிருக்கிறதா! நாளைக்கு அப்பாவிடம் சொல்கிறேன். கண் உச்சியில் இருப்பது உண்மை, நூறு தடவை கையில் எடுத்திருக்கிறேன், ஏன் அப்படி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பட்டினப்பாக்கம்வாசி (அடுத்த ஞாயிறு, காலை 10.40)

சொன்னபடி இன்று போனோம். வலை இழுக்கிற அண்ணனிடம் போன வாரமே சொல்லி வைத்திருந்ததால் இரண்டு மீன் ஒதுக்கி வைத்திருந்தார், ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே மணல் நிறம். டீச்சர் சொன்ன மாதிரி ஒன்று வெள்ளை பக்கெட், ஒன்று கறுப்புச் செடித் தொட்டி. ஒரே தண்ணீர், ஒரே நிழல், இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டோம். என் பெண் நோட்டில் ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் எழுதினாள்.

முதல் நான்கு நிமிடம் இரண்டுமே வெளுத்தன! அவள் முகம் வாடிவிட்டது. டீச்சர் சொன்ன பயம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆறாவது நிமிடத்துக்கு மேல் பாதை பிரிந்தது. வெள்ளையில் இருந்தது அப்படியே வெளுப்பாகவே இருந்தது. கறுப்பில் இருந்ததற்கு முதலில் நடுவில் இருக்கும் பெரிய திட்டு மட்டும் திரும்பி வந்தது, பிறகு துடுப்பு ஓரத்துப் புள்ளிகள், பன்னிரண்டாவது நிமிடத்தில் உடம்பு முழுக்க ஈரக் காபித்தூள் நிறம். அதற்குப் பிறகு இரண்டையும் இடம் மாற்றிப் போட்டோம். இந்த முறை பயத்தில் வெளுக்கவில்லை, கருத்த மீன் வெள்ளைக்குப் போனதும் நேராக வெளுக்க ஆரம்பித்தது, வெளுத்த மீன் கருக்க ஆரம்பித்தது. திட்டுகள் அதே இடத்தில்தான் மங்கின, அதே இடத்தில்தான் வந்தன, புதுசாக எதுவும் முளைக்கவில்லை. "அஞ்சறைப்பெட்டி அண்ணா சொன்னது சரி" என்று நோட்டில் எழுதியிருக்கிறாள்.

அரை மணிக்குள் இரண்டையும் கடலில் விட்டுவிட்டோம். அடுத்து பாதி கறுப்பு பாதி வெள்ளைத் தட்டில் தலையை ஒரு பக்கமும் வாலை ஒரு பக்கமும் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறாள். டீச்சர், மீனுக்குத் தொந்தரவு இல்லாமல் அதைச் செய்ய வழி உண்டா?

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை (அடுத்த ஞாயிறு, மதியம் 1.10)

உண்டு. கண்ணாடித் தட்டில் தண்ணீரோடு மீனை விடுங்கள், தட்டுக்கு அடியில் மட்டும் அட்டையை நகர்த்துங்கள், மீனைத் தொடவே வேண்டாம். தண்ணீர் சூடாகக் கூடாது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுக் கடல் தண்ணீர் மாற்றுங்கள், வெயிலுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். முதல் நான்கு நிமிடத்தை இந்த முறையும் தனியாகவே குறிக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டை எனக்கு ஒருமுறை காட்டுவாளா?